உன் அத்தா கரையில் நின்றபோது

நவாஸ் கண்ணு,

போன வாரம் நீ கூப்பிட்டபோது சிக்னல் விட்டு விட்டு வந்தது. மண்டபம், சமையல்காரர், ரிஸ்வானாவுக்கு எடுத்த புடவை என்று எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் சாதாரணமாக ஒன்று சொன்னாய். கல்யாணம் முடிந்து பத்து நாளில் நீ மறுபடி கப்பல் ஏற வேண்டியிருக்கிறது, அதனால் ஒன்றுமில்லை, நீங்கள் அத்தாவுக்குப் பழகிக்கொண்ட மாதிரி அவளும் பழகிக்கொள்வாள் என்று. நான் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அன்றிலிருந்து அந்த "சரிப்பா" தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. இதையெல்லாம் போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ "அப்புறம் பேசலாம்மா" என்பாய். அதனால் எழுதுகிறேன். தையல் கடையில் இன்று கூட்டம் இல்லை. உன் அத்தா சாயங்கால அஸர் தொழுகைக்குப் போயிருக்கிறார். ஊன்றுகோலோடு மெல்ல நடந்து திரும்பி வர நேரமாகும்.

உன் அத்தா கப்பல் வேலையை விட்டுவிட்டு நிரந்தரமாக வீட்டுக்கு வந்த நாளில் நீ இங்கே இல்லை, சூயஸ் பக்கம் எங்கேயோ இருந்தாய். எனக்கு மாலை போடாத குறையாக அக்கம்பக்கத்தில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். உண்மையைச் சொன்னால், முப்பது வருஷக் கல்யாணத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல மூன்று மாதம் ஒரே வீட்டில் இருந்ததில்லை. அவர் வருவார், நான் விருந்தாளிக்குச் சமைப்பதுபோல தினமும் சமைப்பேன், நீ பள்ளிக்கு மட்டம் போடுவாய், மூவரும் பெசன்ட் நகருக்கும் பாண்டி பஜாருக்கும் சுற்றுவோம், அப்புறம் அவர் பெட்டியைக் கட்டுவார். அப்படி வந்த மனிதர் இந்தத் தடவை போகவே இல்லை. விடியும் முன்பே எழுந்து பாத்திரங்களை அளவு வாரியாக அடுக்கி வைத்தார். துணிக்கொடியை அவிழ்த்து வேறு முடிச்சுப் போட்டார். கப்பலில் தளத்து ஆட்களை மேய்த்த சாரங் இல்லையா, தண்ணி லாரிக்காரரிடமே சத்தம் போட்டு, அவர் எங்கள் தெருவுக்கே வரமாட்டேன் என்று போய்விட்டார். அபிராமபுரத்தில் நம் வீடு எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியும். அதில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நான் இங்கே இருப்பது உனக்குச் சிரமமாக இருக்கிறதா என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாகப் பதில் சொல்லியிருப்பேன். அவர் மெதுவாகக் கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, தெரியவில்லை என்றேன். அவர் தட்டிலிருந்ததை முழுக்கச் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு, கீழக்கரையில் தங்கச்சி வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவருடைய பெட்டியை நான்தான் எடுத்து வைத்தேன். இத்தனை வருஷமாக எடுத்து வைத்துப் பழகிய கை, தானாகவே வேலை செய்தது.

பஸ்ஸுக்கு இரண்டு நாள் இருந்தது. அப்போதுதான் வசுமதி என்று ஒரு அம்மா ஆழ்வார்பேட்டைக் கடைக்கு வந்தார். அடையாற்றில் அவர்களுக்கு ஆற்றை ஒட்டி ஒரு பெரிய தோட்டம். இறந்துபோன அவருடைய அப்பாவுக்குக் கப்பல் பைத்தியம். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அரிசியும் கூரை ஓடும் ஏற்றிப் போன பாய்மரக் கப்பல் ஒன்றின் பழைய படங்களை வைத்து, அதே மாதிரி ஒன்றை மரத்தில் கட்டி, 'கடல்மணி' என்று பேர் வைத்திருக்கிறார். சில வருஷம் கடலில் ஓட்டவும் செய்திருக்கிறார். உடம்பு முடியாமல் போனதும் கரையேற்றித் தோட்டத்திலேயே நிறுத்திவிட்டார். மழைக்கு அதன் மேல் போட ஒரு பெரிய தார்ப்பாய் தைத்துக் கொடுங்கள் என்று கேட்டு வந்தார் வசுமதி. அளவெடுக்கப் போக வேண்டும். கடையில் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. சும்மா உட்கார்ந்திருந்த உன் அத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டு போனேன்.

மாமரத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவில் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பாய்மரம், நம் கடையைப் போல மூன்று மடங்கு நீளம். பெயின்ட் உரிந்து, முன்முனை அணியத்தில் ஒரு செடி முளைத்திருந்தது. நான் டேப்பை நீட்டுகிறேன், பிடிக்க ஆள் இல்லை. திரும்பிப் பார்த்தால் உன் அத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கப்பலின் அடியில் படுத்திருக்கிறார். பேனாக்கத்தியால் ஒவ்வொரு பலகையாகக் குத்திப் பார்த்தார். வெளியே வந்தபோது தலையெல்லாம் மண். வசுமதியிடம் சொன்னார்: "இதை மூடாதீங்கம்மா. மூடினா காத்து இல்லாம சீக்கிரம் உளுத்துடும். அடிக்கட்டை இன்னும் நல்லாத்தான் இருக்கு. மேல உள்ள பலகைதான் போயிருக்கு. இதைத் தண்ணியில விடலாம்."

வசுமதி அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். தோட்டம் கைமாறப் போகிறது. பொங்கலுக்குப் பிறகு அங்கே கட்டடம் வரும். கடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரி, கப்பல் தானே மிதந்து வந்து சேர்ந்தால் வாங்கி வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்றிருக்கிறது. மிதக்காது என்று எல்லாரும் சொன்னதால் உடைத்துவிடுவதாக இருந்தார்களாம். அதுவரைக்குமாவது நனையாமல் இருக்கட்டும் என்றுதான் தார்ப்பாய். "அப்பா கட்டினதை நானே உடைக்க ஆள் தேடிட்டிருந்தேன்" என்றார். அழவில்லை, ஆனால் குரல் அப்படி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உன் அத்தா பெட்டியைத் திறந்து சட்டைகளை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏன் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வசுமதி சம்மதித்ததும் காசிமேட்டிலிருந்து ஜோசப் என்ற தச்சரும் அவருடைய தம்பிகளும் வந்தார்கள். படகு கட்டுவதும் ஓட்டுவதும் அவர்கள் குடும்பத் தொழில். உளுத்த பலகைகளைக் கழற்றிவிட்டுப் புதுப் பலகை வைத்தார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினார்கள். அந்த வாசனை உன் அத்தாவின் சட்டையில் ஏறி நம் வீடு முழுக்க இருந்தது. வேலை இருக்கும் மனிதரோடு இருப்பது எனக்கு எளிதாக இருந்தது, அவ்வளவுதான் அப்போது. பாய் தைக்கிற வேலை வந்தபோதுதான் நான் உள்ளே நுழைந்தேன்.

முதல் பாயை நான் கெடுத்தேன். ஜன்னல் திரை தைக்கிற மாதிரி கித்தானை நேராக வெட்டி, நேராக மூட்டி, அழகாக ஓரம் மடித்துக் கொடுத்தேன். உன் அத்தா அதைத் தரையில் விரித்துப் பார்த்துவிட்டு, பாய்க்கு வயிறு வேண்டும், இது பலகை மாதிரி இருக்கிறது என்றார். நாள் முழுக்கத் தைத்த கை வலி எனக்கு. என் தையலை ஒரு நாளும் நின்று பார்க்காதவர் இன்று குறை சொல்ல வந்துவிட்டாரா என்று கேட்டேன். அவர் பாயின் இரண்டு முனையையும் ஜோசப்பைப் பிடிக்கச் சொல்லி, நடுவில் கையை வைத்து அழுத்திக் காட்டினார், காற்று இங்கே உட்கார இடம் வேண்டும் என்று. அதைப் பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. ரவிக்கைக்கு டாட் பிடிக்கிற வேலைதானே! துண்டுகளின் ஓரத்தை மேலும் கீழும் கொஞ்சம் வளைத்து வெட்டி மூட்டினால் நடுவில் தானாகத் தொய்வு வந்துவிடும். இரண்டாவது பாயை மாமரத்துக் கிளையில் கட்டித் தூக்கினோம். ஆற்றுக் காற்று வந்து நிரம்பியது. ஜோசப், "இன்னாக்கா, ரவிக்கை தெச்ச மாரியே கீது" என்றார். உன் அத்தா சிரித்ததை அன்றுதான் ரொம்ப நாள் கழித்துப் பார்த்தேன்.

பெரிய பாய்க்கு ஓரங்களைக் கையால்தான் தைக்க வேண்டும். நான் ஒரு முனையில், அவர் மறுமுனையில், மடியில் கித்தான். முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டே பேசுவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. நீ பிறந்த சேதி அவருக்கு எட்டியது நாலைந்து நாள் கழித்துத்தானாம். கப்பலில் யாரிடமும் சொல்லாமல் போய், கழுவி முடித்த தளத்தையே மறுபடியும் கழுவினாராம். இதை எனக்கு ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன் என்றார். நான் அந்தப் பெருவெள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கும், கடைக்குள் தண்ணீர் ஏறியபோது நீயும் நானும் தையல் மெஷின்களைத் தூக்கி மாடிப்படியில் வைத்துவிட்டு, இருட்டில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தோமே. மறுநாள் அவர் கூப்பிட்டபோது, எல்லாரும் நல்லா இருக்கோம் என்று மட்டும்தான் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தினார். "நீ நல்லா இருக்கோம்னு சொன்னதை நான் நம்பினேன். நம்புறது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு" என்றார். கண்ணு, அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் முப்பது வருஷம் காத்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கார்த்திகை மழையில் சாரம் வழுக்கி அவர் கீழே விழுந்தார். உன்னிடம் பாத்ரூமில் வழுக்கிவிட்டார் என்று சொன்னோம். இல்லை, கப்பல் சாரத்திலிருந்துதான் விழுந்தார். தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். கப்பலில் ஏறுவதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். கடல்மணியைக் கடலூருக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டியவர் அவர்தான், எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் காலையில் கடை, மதியம் ஆஸ்பத்திரி, சாயங்காலம் அடையாறு என்று ஓடினேன். பாய்களை முடித்தேன். ஜோசப்பும் தம்பிகளும் கப்பலை முடித்தார்கள்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் வந்தும் வராத நேரத்தில், ஆற்றில் ஆழம் போதாததால், பாய்மரங்களைக் கழற்றிப் படுக்க வைத்து, பெரிய டிரெய்லரில் கப்பலை ஏற்றிக் காசிமேட்டுக்குக் கொண்டுபோனோம். சாந்தோமில் தெருவுக்குக் குறுக்கே தொங்கிய வயர்களை ஜோசப்பின் தம்பிகள் கவைக் கம்பால் தூக்கிப் பிடித்தார்கள். நீ சின்ன வயதில் கபாலி கோயில் தேருக்குச் செய்யப் பார்த்திருக்கிறாயே, அதே மாதிரி. பால் வாங்க வந்த ஒரு மாமா என் பக்கத்தில் நின்று, இது எந்தக் கோயில் தேர், எங்காத்துல யாருமே சொல்லலியே என்று நிஜமாகவே கேட்டார். உன் அத்தா காலை நீட்டிக்கொண்டு ஆட்டோவில் பின்னாலேயே வந்தார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர் கப்பலைப் பார்க்கவில்லை, வயர்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

தண்ணீரில் இறக்கியதும் எல்லா இடுக்கிலும் ஒழுகியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜோசப், "பயப்படாதக்கா, பலகை ஊறினா அடங்கிடும்" என்றார். சில நாளில் அடங்கியது. அதன் பிறகுதான் ஜோசப் வீட்டுக்கே வந்து கேட்டார். வாடைக்காற்று நன்றாக இருக்கிறது, ஆனால் புதுப் பாய், வழியில் கிழிந்தால் தைக்க எங்களில் யாருக்கும் தெரியாது, அக்கா வந்தால் நல்லது என்று. மாலுமியின் மனைவியாக இத்தனை வருஷம் வாழ்ந்தும் நான் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. முடியாது என்றேன். கடை இருக்கிறது, இவர் கால் இருக்கிறது. உன் அத்தா கட்டிலிலிருந்து, "நீ போ" என்றார். உங்களை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். "என்னை நான் பாத்துக்கத் தெரிஞ்சுக்கணும். நீ போயிட்டு வா." போயிட்டு வா என்று நான்தான் எப்போதும் சொல்வேன். அவர் வாயால் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கப்பல் கிளம்பி முதல் மூன்று மணி நேரம் நான் வாந்தி வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். அப்புறம் உன் அத்தா சொல்லி அனுப்பியபடி சுக்கை வாயில் அடக்கிக்கொண்டு, தூரத்து விளிம்பையே பார்த்தேன். மெல்ல எழுந்து உட்கார முடிந்தது. சாந்தோம் கோபுரம், திருவான்மியூர்க் கரை, வரிசையாக அடுக்குமாடி வீடுகள், எல்லாம் ஒரு கை அகலத்துக்குள் அடங்கிப் பின்னால் போயின. காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தது. நான் தைத்த பாய் நிரம்பி நின்றது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மாமல்லபுரம் தாண்டியதும் காற்று முரட்டுத்தனமாக மாறி, பெரிய பாயின் ஓரம் கிழிந்தது. அவர்கள் அதை இறக்க, ஆடுகிற தளத்தில் உட்கார்ந்து நான் தைத்தேன். ஊசி கையைக் குத்தியது, உப்புத் தண்ணீர் எரிந்தது. தைத்து முடித்து நிமிர்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அத்தனை மணி நேரத்தில் நான் வீட்டை ஒரு தடவை கூட நினைக்கவில்லை. உன் அத்தா மாத்திரை போட்டாரா, சாப்பிட்டாரா, எதுவுமே மனதில் இல்லை. கடலில் இருக்கும்போது எங்களை நினைப்பாரா மாட்டாரா என்று எத்தனை வருஷம் உள்ளுக்குள் கணக்குப் பார்த்திருப்பேன்! அன்று அது போயிற்று. நினைக்க முடியாமல் போவது அன்பில்லாததால் இல்லை. வேலை அப்படி.

காற்று தணியட்டும் என்று கரையோரமாக நங்கூரம் போட்டுக் காத்திருந்ததில் ஒரு நாள் தாமதமாகிவிட்டது. என் போன் நனைந்து போயிருந்தது, மற்றவர்களுக்குச் சிக்னல் இல்லை. புதுச்சேரி துறைமுகத்தில் இறங்கியதும் ஜோசப்பின் போனில் கூப்பிட்டேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்தார். நான் வழக்கம்போல, நல்லா இருக்கேன் என்று சொன்னேன்.

"நல்லா இருக்கேன்னு சொல்லாதே" என்றார். "என்ன ஆச்சுன்னு சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

அந்த மீன்பிடித் துறைமுகத்தின் இரைச்சலில், ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, வாளியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நடுவில் குறுக்கிடவே இல்லை. மறுநாள் கடலூரில் கடல்மணியை ஒப்படைத்தோம். வசுமதி காரில் வந்து கரையில் நின்றிருந்தார். கப்பலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பஸ் பிடித்துத் திருவான்மியூரில் வந்து இறங்கினால், ஸ்டாண்டில் ஊன்றுகோலோடு உன் அத்தா. எந்த பஸ் என்று நான் சொல்லவில்லை. மத்தியானத்திலிருந்து ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். தாடி முளைத்து, கண் சிவந்திருந்தது. தகவல் வராத அந்த நாளில் தெருவில் ஒவ்வொரு ஆட்டோ நின்றபோதும் எழுந்து கதவைத் திறந்தாராம். ஆட்டோவில் ஏறிய பிறகு, காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அடையாறு பாலம் வரைக்கும் விடவில்லை.

நவாஸ், நான் உன் அத்தாவுக்குப் பழகிக்கொள்ளவில்லை. அவர் இல்லாத வாழ்க்கை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். அதில் அவருக்கு இடம் வைக்க மறந்தேன், அவரும் கேட்கவில்லை. நாங்கள் சண்டை போடாததால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நீ நினைத்து வளர்ந்துவிட்டாய். உன் மேல் தப்பில்லை. உன் வேலையை விடு என்றும் நான் சொல்லவில்லை. கடல் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் போகிறவனுக்கு ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் நல்ல மனைவிக்கு அழகு என்று எனக்கு யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். அதை ரிஸ்வானாவுக்கு நீ சொல்லிக்கொடுக்காதே. அங்கே ஒரு மோசமான நாள் வந்தால் அவளிடம் சொல். இங்கே ஒரு மோசமான நாள் வந்தால், அவள் சொல்லும்வரை போனை வைக்காதே. திரும்பி வரும்போது அவள் எதை எங்கே வைத்திருக்கிறாளோ அதை அங்கேயே இருக்கவிடு, பாத்திரத்தையும்தான்.

இன்னொன்று சொல்லத்தான் இவ்வளவும். நேற்று ரிஸ்வானா தி.நகரில் துணி எடுத்துவிட்டு, யாரையும் கூட்டிக்கொள்ளாமல், கடைக்கு வந்தாள். டீ வாங்கிக் கொடுத்தேன். அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: "மாமி, அவர் கப்பல் ஏறின முதல் வாரம் எப்படி இருக்கும்?" வழக்கமாகச் சொல்வது வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, உனக்கு மேலே எழுதியதையெல்லாம் அவளுக்கும் சொன்னேன். அவள் பயப்படவில்லை. ரொம்ப நேரம் யோசித்தாள். இதையெல்லாம் உன்னிடம் பேச வேண்டும் என்றும், இரண்டு தடவை ஆரம்பித்தபோதும் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டாய் என்றும் சொன்னாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "இதைப் பேச அவருக்கு இஷ்டமில்லன்னா, நான் இன்னும் கொஞ்சம் யோசிக்கணும் மாமி" என்றாள்.

நான் உனக்காகப் பரிந்து பேசவில்லை. யோசி என்றுதான் சொன்னேன். உனக்குக் கோபம் வந்தால் என்னிடம் காட்டு, அவளிடம் வேண்டாம். உன் அத்தாவிடம் சொன்னபோது அவர், அந்தப் பெண் கெட்டிக்காரி என்றார்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அவள் உன்னைக் கூப்பிடுவாள். வேலையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, சிக்னல் நன்றாக வருகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள். அவள் சொல்லி முடிக்கும்வரை கேள்.

அம்மா